குளோன் வார்ஸ் தொடரை ஆரம்பிக்கும் முன் 2008 படத்தைப் பார்த்தே ஆக வேண்டுமா?

தெற்குவாசல்:

வணக்கம் நண்பர்களே. அக்கா பையனுக்குப் பத்து வயது, ஸ்டார் வார்ஸ் முதல் ஆறு படங்களையும் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்து முடித்துவிட்டோம். அப்புறம் மாண்டலோரியன் பார்த்தோம். அதன் இரண்டாவது சீசனில் வெள்ளை லைட்சேபர் (ஒளிவாள்) இரண்டோடு அசோகா வந்து நின்றதும் "இவங்க யாரு, ஏன் ஒரு படத்துலயும் வரல" என்று கேட்க ஆரம்பித்தவன் இன்னும் நிறுத்தவில்லை. சரி, குளோன் வார்ஸ் தொடரையே முதலிலிருந்து போட்டுவிடலாம் என்று தேடினால், தொடருக்கு முன்னால் அதே பெயரில் 2008-இல் ஒரு படம் வந்திருக்கிறது.

அவனுக்குப் போடும் முன் நான் மட்டும் அரை மணி நேரம் பார்த்தேன். முகமெல்லாம் மரத்தில் செதுக்கியது போல இருக்கிறது, கதையோ கொள்ளைக்கூட்டத் தலைவன் ஜப்பாவின் குழந்தையை யாரோ கடத்திவிட்டார்கள், ஜெடாய் வீரர்கள் போய் மீட்க வேண்டும் என்பது. மூன்றாவது படமான ரிவெஞ்ச் ஆஃப் த சித் கடைசி அரை மணி நேரத்தைப் பார்த்து அழுத பையன் இதைப் பார்த்து ஆர்வம் இழந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் படம் அவசியமா, அல்லது விட்டுவிட்டு நேராகத் தொடருக்குப் போகலாமா? 2003-இல் கையால் வரைந்த இன்னொரு குளோன் வார்ஸ் இருக்கிறதே, அது இதன் முதல் பாகமா? முக்கியமாக, அனகினுக்கு அசோகா என்று ஒரு சிஷ்யை இருந்தாள் என்றால் மூன்றாவது படத்தில் அவளைப் பற்றி ஒரு வார்த்தைகூட வராதது ஏன்? பையன் கேட்பது இந்தக் கடைசிக் கேள்வியைத்தான், பதில் சொல்லத் தெரியவில்லை. கதை தெரிந்துவிடும் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

நீலவாள்:

அவசியம் பாருங்கள், ஆனால் என்ன பார்க்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு பாருங்கள். இதைத் திரையரங்குக்காக யாரும் எழுதவில்லை. ஜார்ஜ் லூகாஸும் தொடரின் இயக்குநர் டேவ் ஃபிலோனியும் தொலைக்காட்சிக்காகத்தான் குளோன் வார்ஸ் தொடரைச் செய்துகொண்டிருந்தார்கள். முடிந்த காட்சிகளைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்த லூகாஸுக்கு அது பிடித்துப்போக, ஆரம்ப எபிசோடுகளைச் சேர்த்து ஒரு படமாக்கி முதலில் திரையரங்கில் விடலாம் என்று முடிவு செய்தார். அப்படித்தான் 2008 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்காவில் படம் வந்தது, அக்டோபர் 3 அன்று கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடர் ஆரம்பித்தது. அதுவரை எல்லா ஸ்டார் வார்ஸ் படங்களையும் வெளியிட்டது ஃபாக்ஸ், இதை மட்டும் கார்ட்டூன் நெட்வொர்க்கின் குடும்பத்தைச் சேர்ந்த வார்னர் பிரதர்ஸ் வெளியிட்டது.

இது தெரிந்துவிட்டால் படத்தின் குறைகள் எல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று புரியும். 98 நிமிடம் ஓடுகிறது, அதில் தையல் போட்ட இடங்கள் அப்படியே தெரிகின்றன. கிறிஸ்டாஃப்சிஸ் நகரச் சண்டை ஒரு எபிசோடு. டெத் கிரகத்து மடாலயம் இன்னொன்று. டாட்டூயின் பாலைவனமும், கொருசான்ட்டில் அனகினின் மனைவி பத்மே போய் மாட்டிக்கொள்ளும் பகுதியும் அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓர் உச்சக்கட்டம் இருப்பதால் முழுப்படமாகப் பார்க்கும்போது மூச்சு விட இடமில்லாமல் சண்டை சண்டையாக வருகிறது. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள், ரோஜர் ஈபர்ட் கொடுத்தது நான்குக்கு ஒன்றரை நட்சத்திரம். திரையில் சாய்வாக மேலே ஏறிப் போகும் அந்த மஞ்சள் எழுத்துகள்கூடக் கிடையாது, பழைய போர்க்காலச் செய்திப்படம் மாதிரி ஒரு குரல் கதைச்சுருக்கத்தை அவசரமாகச் சொல்லிவிட்டுப் போகிறது. முதல் தடவை பார்ப்பவருக்கு அது நெருடும். தொடரின் எபிசோடுகளும் அப்படித்தான் ஆரம்பிக்கும், நான்கைந்து போனால் அதற்காகவே காத்திருப்பீர்கள்.

ஆனால் இந்தப் படத்தை விட்டுவிட்டால் அசோகாவும் அனகினும் முதன்முதலில் சந்திப்பதை விட்டுவிடுவீர்கள். கிறிஸ்டாஃப்சிஸில் சண்டை நடுவில் ஒரு விண்கலம் இறங்குகிறது, பதினான்கு வயதுப் பெண் வெளியே வருகிறாள். தனக்குத்தான் சிஷ்யை வந்திருக்கிறாள் என்று ஓபி-வான் நினைக்கிறார், அவளோ "என் குரு அனகின்" என்கிறாள். அனகினுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. அப்புறம் எதிரியின் கேடயக் கருவியை உடைக்கப் போகிற இடத்தில், அனகின் மேல் ஒரு சுவரையே இழுத்துத் தள்ளி, அந்தச் சுவரில் இருக்கும் ஓட்டை சரியாக அவன் நிற்கும் இடத்தில் விழும்படி செய்து அவனைக் காப்பாற்றுகிறாள் பாருங்கள், அந்த ஒரு காட்சியில் இரண்டு பேருடைய குணமும் வந்துவிடுகிறது. அவசரம், துணிச்சல், யாரிடமும் கேட்காமல் முடிவெடுப்பது. அனகினுக்குக் கோபம் வருகிறது. தானும் அதைத்தான் செய்திருப்பேன் என்று அவனுக்கே தெரியும்.

இன்னொரு முக்கியமான விஷயம். இவளை ஏன் அனகினிடம் அனுப்ப வேண்டும் என்று பேசும்போது யோடா சொல்வது, சிஷ்யைக்குக் கற்றுக்கொடுப்பது அனகினுக்குச் சிரமமாக இருக்காது, பிற்பாடு அவளை விட்டுக்கொடுப்பதுதான் அவனுக்குப் பெரிய சோதனையாக இருக்கும் என்று. மூன்றாவது படத்தில் அனகின் எதனால் விழுகிறான்? யாரையும் விட்டுக்கொடுக்க முடியாததால். குழந்தைகளுக்கான படம் என்று எல்லோரும் தள்ளிவிட்ட ஒன்றில், முதல் அரை மணி நேரத்துக்குள் இதைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். தொடர் முழுக்க இந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது என்பேன்.

அப்புறம் டெத் மலை ஏறும் காட்சி. ஆறு கால் எந்திரங்கள் செங்குத்தான பாறையில் ஒட்டிக்கொண்டு ஏற, மேலிருந்து குண்டு மழை பொழிய, குளோன் வீரர்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு சுடுகிறார்கள். நடிகர்களை வைத்து எடுத்த படங்களில்கூட இப்படி ஒரு சண்டை அமைப்பு இல்லை. பையன் அந்த இடத்தில் எழுந்து உட்காருவான்.

கடைசிவரிசை:

நீலவாள் சொல்வதில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பத்து வயதுப் பையனுக்கு முதல் வாசலாக இதை வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பெரியவர்களுக்கு "பின்னால் இது பெரிதாக வரும்" என்று சொல்லிப் பொறுமையாக உட்கார வைக்கலாம். சின்னப் பையனுக்கு இன்றைக்குப் பார்ப்பது இன்றைக்கே பிடிக்க வேண்டும். கடத்தப்பட்ட குழந்தை ராட்டாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், அதைத் தூக்கிக்கொண்டு அலைவதே நடுப்பகுதி முழுக்க. ஜப்பாவின் சித்தப்பா ஸிரோ வரும் காட்சிகள் படத்தின் வேகத்தை அப்படியே நிறுத்திவிடுகின்றன. பத்மேயைக் கதைக்குள் கொண்டுவர வேண்டும் என்பதைத் தவிர அந்தப் பகுதிக்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

என் யோசனை, முதல் சீசனின் ஐந்தாவது எபிசோடு 'ரூக்கீஸ்' அதை முதலில் போடுங்கள். ரிஷி என்ற நிலவில் ஒரு கண்காணிப்பு நிலையம், அதில் புதிதாக வந்த சில குளோன்கள் (ஒரே மனிதனின் நகல்களாக உருவாக்கிய படைவீரர்கள்), எதுவும் நடக்காத சலிப்பான வேலை. திடீரென்று எதிரி எந்திரங்கள் உள்ளே புகுந்துவிடுகின்றன. தங்கள் சொந்தக் கிரகமான கமினோவை அவை தாக்கப் போகின்றன என்ற எச்சரிக்கையை எப்படியாவது வெளியே அனுப்ப வேண்டும், ஆனால் அனுப்ப வழியில்லை. ஹெவி என்ற வீரன் கடைசியில் என்ன செய்கிறான் என்பதை நான் இங்கே எழுத மாட்டேன், அதைப் பையன் தானாகப் பார்க்கட்டும். ஒரே முகம், ஒரே குரல். டீ பிராட்லி பேக்கர் என்ற ஒரே கலைஞர்தான் எல்லாக் குளோன்களுக்கும் குரல் கொடுக்கிறார். அப்படியிருந்தும் இருபது நிமிடத்தில் ஒவ்வொருவனையும் தனியாக அடையாளம் கண்டு, அவனுக்காகக் கவலைப்பட வைத்துவிடுகிறார்கள். அந்த எபிசோடில் தப்பிப் பிழைக்கும் ஃபைவ்ஸ் என்ற வீரனின் கதை ஆறாவது சீசன் வரை நீள்கிறது, குளோன்களின் மூளைக்குள் இருக்கும் சில்லைக் கண்டுபிடிப்பவன் அவன்தான். ஜெடாய்களைக் கொல்லச் சொல்லும் ஆர்டர் 66 என்ற ஆணை வந்ததும் அத்தனை வீரர்களும் ஏன் ஒரே நொடியில் மாறினார்கள் என்று பையன் ஏற்கெனவே கேட்டிருப்பானே, அதற்கான பதில் அங்கே இருக்கிறது.

'ரூக்கீஸ்' பிடித்துவிட்டால் அப்புறம் திரும்பி வந்து படத்தைப் போடுங்கள். அப்போது குளோன் படைத் தலைவன் ரெக்ஸ் யார் என்று தெரிந்திருக்கும், டெத் மலையில் அவனுடைய ஆட்கள் ஒவ்வொருவராக விழும்போது அது வெறும் வாணவேடிக்கையாகத் தெரியாது.

சட்டகம்24:

உருவம் மரப்பொம்மை மாதிரி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நான் முப்பரிமாண அனிமேஷன் வேலையில் இருப்பவன், அதனால் இதை மட்டும் சொல்கிறேன்.

அது திறமைக் குறைவால் வந்ததல்ல, வேண்டுமென்றே எடுத்த முடிவு. லூகாஸுக்குத் தண்டர்பேர்ட்ஸ் என்ற பழைய பிரிட்டிஷ் பொம்மலாட்டத் தொடர் பிடிக்கும், அந்தச் சாயல் வேண்டும் என்று கேட்டார். 2003 தொடரில் கெண்டி டார்டகோவ்ஸ்கி வரைந்த கூரான, கோணலான முகங்களும் இதற்கு ஓர் அடிப்படை. முகங்களை நிறுத்திப் பாருங்கள், தோல் வழவழப்பாக இல்லாமல் தூரிகை இழுத்த தடம் தெரியும். உண்மையான மனிதத் தோலைப் போலச் செய்யப் போய் பிணக்களை வந்த கணினிப் படங்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ. இவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை, இன்றைக்கும் இது பழசாகத் தெரியாததற்கு அது ஒரு காரணம்.

அதே சமயம் பணம் குறைவு என்பதும் உண்மை. படத்தின் செலவு சுமார் 85 லட்சம் டாலர். மூன்று வருடம் முன்னால் வந்த ரிவெஞ்ச் ஆஃப் த சித் படத்துக்கு 11 கோடி டாலருக்கு மேல் செலவாகியிருந்தது. தொலைக்காட்சிக் கணக்கில் செய்ததைத் திரையரங்குத் திரையில் போட்டார்கள், அவ்வளவுதான். முடி எல்லாம் ஒரே கட்டியாக இருப்பதைக் கவனியுங்கள். ஓபி-வானும் அனகினும் நீளமான அங்கிக்குப் பதிலாக மார்புக் கவசம் போட்டிருப்பதையும் பாருங்கள். தனித்தனி முடியும் தொங்கும் துணியும் கணினியில் அசைய வைக்க மிகவும் கஷ்டமானவை, நேரத்தை விழுங்குபவை. போர்க்காலம் என்பதால் கவசம் கதைக்கும் பொருந்திப்போகிறது. வேலை கலிஃபோர்னியாவில் மட்டும் நடக்கவில்லை, லூகாஸ்ஃபிலிம் சிங்கப்பூரில் வைத்திருந்த ஸ்டூடியோவும் இதில் சேர்ந்து உழைத்தது. வசூல் உலகம் முழுக்கச் சுமார் 6 கோடியே 80 லட்சம் டாலர். ஸ்டார் வார்ஸ் கணக்கில் அது சின்னத் தொகைதான், செலவோடு வைத்துப் பார்த்தால் தோல்வி என்று சொல்ல முடியாது.

எவ்வளவு தூரம் வளர்ந்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால் 2020-இல் வந்த ஏழாவது சீசனில் அசோகாவும் வில்லன் மாலும் மோதும் சண்டையைப் பாருங்கள். 1999-இல் வந்த முதல் படத்தில் மாலாக நடித்த ரே பார்க்கையே வரவழைத்து, அவருடைய உடலசைவைப் பதிவு செய்து அதை வைத்துச் செய்தார்கள். கால் தரையில் ஊன்றும் விதம், உடல் எடை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் மாறும் விதம், எல்லாம் தெரியும். 2008 படத்தில் டாட்டூயின் மணலில் அனகினும் எதிரணித் தலைவன் டூகுவும் மோதுவதோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒரே தொடரா என்று தோன்றும். அதற்காகவாவது படத்தைப் பார்த்து வையுங்கள், எங்கிருந்து கிளம்பினார்கள் என்று தெரிய வேண்டும்.

குரல் பற்றியும் ஒன்று. படத்தில் டூகுவுக்கு கிறிஸ்டோபர் லீ, மேஸ் விண்டுவுக்கு சாமுவேல் எல். ஜாக்சன், சி-3பிஓவுக்கு ஆண்டனி டேனியல்ஸ் என்று நிஜ நடிகர்களே பேசியிருக்கிறார்கள். தொடரில் டூகுவின் குரல் கோரி பர்ட்டனுடையது. இந்தப் படத்தில் ஸிரோவுக்குப் பேசியவரும் அவர்தான்.

தெற்குவாசல்:

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, ரொம்ப நன்றி. செய்திப்படக் குரல் ஏன் என்று இப்போது புரிகிறது. 2003 தொடரைப் பற்றியும், மூன்றாவது படத்தில் அசோகா இல்லாததைப் பற்றியும் யாராவது சொல்லுங்களேன்.

இரவுப்பறவை:

2003 தொடர் தனி. 2005 வரை வந்தது, மொத்தம் 25 பகுதிகள், முதல் 20 பகுதிகள் ஒவ்வொன்றும் மூன்று நிமிடம்தான். வசனம் மிகக் குறைவு, ஜெடாய் குரு மேஸ் விண்டு லைட்சேபரை இழந்துவிட்டு வெறும் கையால் ஓர் எந்திரப் படையையே நொறுக்கும் பகுதி இன்றைக்கும் பிரமிக்க வைக்கும். எம்மி விருது வாங்கிய வேலை. ஆனால் அசோகா அதில் கிடையாது. 2014 ஏப்ரலில் லூகாஸ்ஃபிலிம் ஒரு முடிவு எடுத்தது. ஆறு படங்களும், 2008-இல் ஆரம்பித்த குளோன் வார்ஸும் மட்டும் இனி அதிகாரபூர்வக் கதை, அதுவரை வந்த நாவல்கள், காமிக்ஸ்கள் எல்லாம் 'லெஜண்ட்ஸ்' என்று ஒதுக்கி வைத்தார்கள். 2003 தொடரும் அந்த ஒதுக்கலில் போய்விட்டது. யோசித்துப் பாருங்கள், எத்தனையோ வருடங்களாக ரசிகர்கள் நேசித்த நாவல்கள் எல்லாம் வெளியே, எல்லோரும் கிண்டல் செய்த இந்த ராட்டா படம் உள்ளே. எனக்கு இரண்டு பக்கமும் வருத்தம் உண்டு, நல்ல நாவல்களை அப்படி ஒதுக்கியிருக்க வேண்டாம்.

இப்போது பையனின் கேள்வி. ரிவெஞ்ச் ஆஃப் த சித் வந்தது 2005-இல், அசோகா என்ற பாத்திரம் திரைக்கு வந்தது 2008-இல், அதனால் அந்தப் படத்தில் அவள் பெயர் வர வழியே இல்லை. இது வெளிக் காரணம். கதைக்குள்ளே காரணம் சொல்ல வேண்டிய பொறுப்பு ஃபிலோனி தலையில் விழுந்தது. 2008-இல் ரசிகர்கள் பலர் போட்ட கணக்கு என்னவென்றால், இவளை எப்படியும் கொன்றுவிடுவார்கள், அதுதான் சுலபமான வழி. அவர்கள் அதைச் செய்யவில்லை.

ஐந்தாவது சீசன் முடிவில் ஜெடாய் கோயிலில் ஒரு குண்டு வெடிக்கிறது, பழி அசோகா மேல் விழுகிறது. ஜெடாய் சபை அவளை நம்பவில்லை, வெளியேற்றி விசாரணைக்கு அனுப்பிவிடுகிறது. கடைசி வரை நம்பியவன் அனகின் மட்டும்தான், உண்மையான குற்றவாளியைக் கண்டுபிடித்து இழுத்து வருகிறான். சபை அவளைத் திரும்பக் கூப்பிடுகிறது. அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கோயில் படிகளில் இறங்கிப் போய்விடுகிறாள். 2013 மார்ச்சில் அது ஒளிபரப்பானது. சிறிது நாளில் தொடரையே நிறுத்திவிட்டார்கள், லூகாஸ்ஃபிலிமை டிஸ்னி வாங்கியிருந்த சமயம். ஆறாவது சீசன் 2014-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது, முடிவு மட்டும் வராமலே இருந்தது. அந்த வருடங்கள் எங்களுக்கு ரொம்ப வலித்தது.

2020-இல் டிஸ்னி பிளஸ்ஸில் ஏழாவது சீசன் வந்தது. அதன் கடைசி நான்கு எபிசோடுகள் ரிவெஞ்ச் ஆஃப் த சித் நடக்கும் அதே நாட்களில் நடக்கின்றன. அங்கே அனகின் விழுந்துகொண்டிருக்கிறான், இங்கே அசோகாவும் ரெக்ஸும் மாண்டலோரில் இருக்கிறார்கள். ஆர்டர் 66 வரும்போது அவளைச் சுற்றி நிற்பது அவளுடைய அடையாளத்தைத் தங்கள் தலைக்கவசத்தில் வரைந்துகொண்ட குளோன்கள்.

இந்த இடத்தில்தான் நான் கடைசிவரிசையோடு மாறுபடுகிறேன். 2008 படத்தின் தொடக்கத்தில் அசோகா ரெக்ஸிடம் ஒன்று கேட்கிறாள், நான் ஜெடாய், உங்களைவிடப் பதவியில் மேலேயா கீழேயா என்று. ரெக்ஸ் சொல்வது, என்னைப் பொறுத்தவரை அனுபவம்தான் எல்லாப் பதவிக்கும் மேலே. அவளுக்கு அது முதல் போர், வாய்த்துடுக்கு அதிகம், அவன் எத்தனையோ சண்டை பார்த்தவன். அங்கிருந்து ஆரம்பித்த இரண்டு பேர்தான், நமக்குப் பன்னிரண்டு வருடம் கழித்து வந்த கடைசி எபிசோடில், நொறுங்கிக் கிடக்கும் கப்பலுக்குப் பக்கத்தில், தங்களைக் கொல்ல வந்த சகோதரர்களைத் தங்கள் கையாலேயே புதைக்கிறார்கள். முதல் பேச்சைக் கேட்காமல் அந்தக் கடைசிக் காட்சிக்குப் போனால் அழுகை வரும்தான், ஆனால் எதை இழந்தார்கள் என்று முழுதாகத் தெரியாது. ஸிரோ காட்சிகளை வேண்டுமானால் ஓட்டிவிடுங்கள். ரெக்ஸும் அசோகாவும் பேசுவதை ஓட்டாதீர்கள்.

கடைசிவரிசை:

ரெக்ஸ் சொல்லும் அந்தப் பதில் பற்றி நீங்கள் சொன்னது சரிதான், அதை மறுக்கவில்லை. அதனால்தான் படத்தையே விடச் சொல்லவில்லை, 'ரூக்கீஸ்' முடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள் என்றேன். இரண்டு இரவு தள்ளிப் போட்டால் ஒன்றும் குறையாது.

நீலவாள்:

வரிசை பற்றி ஒன்று சேர்த்துவிடுகிறேன், பின்னால் குழப்பம் வரும். தொடரின் எபிசோடுகள் ஒளிபரப்பான வரிசையும் கதை நடக்கும் வரிசையும் வேறு வேறு. ஸ்டார் வார்ஸ் தளத்திலேயே கால வரிசை கொடுத்திருக்கிறார்கள். அதன்படி முதலில் வருவது இரண்டாவது சீசனின் பதினாறாவது எபிசோடு, அடுத்து முதல் சீசனின் பதினாறாவது எபிசோடு 'ஹிடன் எனிமி', அதற்கு அடுத்துத்தான் இந்தப் படம். 'ஹிடன் எனிமி' அதே கிறிஸ்டாஃப்சிஸ் நகரத்தில் நடக்கிறது, குளோன்களுக்குள்ளேயே ஒருவன் காட்டிக்கொடுக்கிறான். நாங்கள் அடிமைகள்தானே என்று அவன் கேட்கும் கேள்விக்கு ஜெடாய்களிடம் நல்ல பதில் இல்லை. இதைப் பார்த்துவிட்டுப் படத்துக்கு வந்தால் அந்த நகரமும் ஏற்கெனவே பழக்கமாயிருக்கும், அந்தப் போரின் மேலும் ஒரு கேள்வி இருக்கும். கடைசிவரிசை கேட்டதும் நான் கேட்டதும் இரண்டும் நடந்துவிடும். பையன் குளோன்களோடு ஒன்றிவிட்ட பிறகு அசோகா வந்து இறங்குவாள்.

மொத்தம் 133 எபிசோடுகள். அத்தனையும் நன்றாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன், முதல் சீசனில் கோமாளிப் பாத்திரமான ஜார் ஜார் வரும் எபிசோடுகளைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை.

தெற்குவாசல்:

அப்படியானால் 'ஹிடன் எனிமி', அடுத்து படம், அடுத்து 'ரூக்கீஸ்' என்று போகிறேன், ஸிரோ வரும் இடத்தை மட்டும் வேகமாக ஓட்டிவிடுகிறேன். கோயில் படியில் அவள் இறங்கிப் போவதை இப்போதே அவனிடம் சொல்லப் போவதில்லை, "பார்த்தால் தெரியும்" என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

இரவுப்பறவை:

ஸிரோவை ஓட்டுங்கள், ராட்டாவை ஓட்டிவிட வேண்டாம். 2026 மே மாதத்துக்கு அறிவித்த மாண்டலோரியன் அண்ட் குரோகு படத்தில் ராட்டா வளர்ந்த ஆளாக வருகிறான், ஜெரமி ஆலன் வைட் குரல். மாண்டலோரியன் பார்த்த பையன் அதையும் கேட்பான், இந்தக் குழந்தை யாருடையது என்று அவனுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கட்டும்.